பாதியில் நின்ற கிண்டல்

ஏரோ தங்கவயலுக்குப் புறப்பட்டது ஒரு திங்கட்கிழமை காலை. அவர் மனைவி தாக்கோ அப்போது தன் தெருக்கடை மேசையில் நீட்டு ரொட்டியைப் பிளந்து தட்டைப்பயறு அடைத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்கக் குழம்பு, எழுந்திருக்கவில்லை. "அல்லா காவல்" என்றாள். அவர் வண்டியில் ஏறியதும் வரிசையில் அடுத்து நின்றவரிடம், "வெங்காயம் போடவா?" என்று கேட்டாள். அதே வண்டியில் நானும் இருந்தேன். தியெஸ் நகரம் வரை ஒன்றாகப் போனோம். அவள் சுற்றிக்கொடுத்த ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, ஏரோ தெற்கே, தங்கவயல் இருக்கும் கெதுகுப் பக்கம் போனார். நான் விமானம் ஏறினேன்.

பல ஊர்களில் இருந்துவிட்டு நான் திரும்பி வந்தேன். ஏரோ வரவில்லை. தாக்கோவின் மேசை மட்டும் எங்கள் ஊர் செயிண்ட் லூயியில், பாலத்துக்கு இந்தப் பக்கம், அதே வேப்பமரத்தடியில் இருந்தது. "வந்துட்டியா? வெங்காயம் போடவா?" என்றாள்.

நெடுநெடுவென்று வளர்ந்தவள். ஈறுகளில் கறுப்பாகப் பச்சை குத்தியிருப்பாள். சிரித்தால்தான் தெரியும், ஆகவே அதிகம் பேருக்குத் தெரியாது. மிளகு போட்ட காப்பியை உயரத்திலிருந்து ஆற்றுவாள், ஒரு சொட்டு சிந்தாது. சிந்தினால் "அல்ஹம்துலில்லா", புகழெல்லாம் இறைவனுக்கே, என்பாள். தெருவுக்கு அவளால் உள்ள தொல்லை இந்த ஒரு சொல்தான். மகள் பரீட்சையில் தேறிய அன்று சொன்ன அதே குரலில், புழுதிக்காற்று கூரைத் தகட்டைத் தூக்கிப்போன அன்றும் சொன்னாள். கேட்கிறவர்களுக்கு எது நல்லது, எது கெட்டது என்று பிடிபடாது. ஒருமுறை அவள் கைபேசியில் அப்படிச் சொன்னதைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் கோலாக் கொட்டையோடு வாழ்த்த வந்தார்கள். திருடுபோனது அவளுடைய பெருநாள் கிடா. கோலாவை வாங்கிக்கொண்டாள்.

நான் வந்த சில வாரங்களில் கெதுகிலிருந்து சேதி வந்தது. ஒரு சுரங்கக்குழி சரிந்துவிட்டது. ஏரோ உள்ளே இருந்தார் என்றார்கள் சிலர். முந்தின நாளே எல்லை தாண்டி மாலிப் பக்கம் வேறு வயலுக்குப் போய்விட்டார் என்றார்கள் வேறு சிலர். மழை வேறு பிடித்துக்கொண்டது. குழியைத் திறக்க முடிந்ததும் தகவல் சொல்வதாக ஏரோவின் கூட்டாளி சாம்பா சொல்லியனுப்பினான்.

தெரு காத்திருக்கவில்லை. மறுநாளே பாய்களோடும் நாற்காலிகளோடும் வந்துவிட்டது. இமாமின் மனைவி ஹாவா, விதவைகள் துக்கம் காக்கும் இத்தா நாட்களில் தலையில் போடும் வெள்ளைத் துணியை மடித்து எடுத்து வந்திருந்தாள். தாக்கோ வாங்கிப் பார்த்தாள். கனமான நல்ல துணி. பயறுச் சட்டி ஆறாமல் இருக்க அதன்மேல் போர்த்தினாள்.  இழவு வீடாக இருந்தால் வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும், இது கடை, ரொட்டிதான் இருக்கிறது என்று அவளே விளக்கினாள்.

அப்போதுதான் சிகா வந்தாள். மீன் விற்கிறவள், செரெர் இனம். தாக்கோ மாடு மேய்க்கும் புலார் இனம். இந்த இரண்டு கூட்டமும் சந்தித்தால் ஒருவரையொருவர் அடிமை என்று கூப்பிட்டுக்கொள்வது வழக்கம். இழவு வீட்டில் அந்தக் கிண்டல் கிட்டத்தட்டக் கடமை. அழுகிற வீட்டைச் சிரிக்கவைக்க வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சிகா மீன்கூடையை இறக்காமலேயே ஆரம்பித்தாள்.

"அடி மாடு மேய்க்கி, கேட்டுக்க. தங்கம் தோண்டப்போன புலார்க்காரன் ஒருத்தன் குழிக்குள்ள எறங்கினானாம். எறங்கி, மேல நிக்கிறவன அண்ணாந்து பாத்து என்ன கேட்டான் தெரியுமா?"

"நிறுத்துடி, என் அடிமையே" என்றாள் தாக்கோ. "அது மௌத்தான வீட்டுல சொல்றது. இங்க இன்னும் யாரும் சாகல. மிச்சத்த வச்சிரு."

சிகா வாயை மூடிக்கொண்டாள். நான் பார்த்து அவள் வாயை மூடியது அன்றுதான்.

இமாம் மென்மையான மனிதர். இறைவன் விதித்ததைப் பொருந்திக்கொள்ள வேண்டும், மகளே, என்று தொடங்கி நல்ல முறையில் சொன்னார். வரும் வெள்ளிக்கிழமை, உடல் இல்லாமலே, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை வைத்துவிடலாம் என்றார்.

"நான் எப்பவோ பொருந்திக்கிட்டேன், இமாம்" என்றாள் தாக்கோ. "எதயின்னுதான் அல்லா இன்னும் சொல்லல. அவன் சொல்றதுக்கு முந்தி நீங்க சொன்னா எப்படி?"

இமாம் காப்பியை முழுதாகக் குடித்து முடித்தார். வெள்ளிக்கிழமை அந்தத் தொழுகை நடக்கவில்லை.

தெருவில் பாதிப் பேர் அவளுக்குப் பித்து என்றார்கள். மீதிப் பேர் கல்மனசு என்றார்கள். இரு சாராரும் காலையில் வந்து ரொட்டி வாங்கினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கேட்டுவிட்டேன், ஏரோ உயிரோடு வரணும்னு உனக்கு இல்லையா அக்கா என்று.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. அது தினமும் வழிவதுதான்.

"இல்லாம? ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்கறேன். வெக்கமில்லாமக் கேக்கறேன். கேக்கறது என் பாடு. அவன் குடுக்கறப்ப மூஞ்சியத் திருப்பக் கூடாது, அவ்வளவுதான். நீ ஊரெல்லாம் சுத்தினியே, இதுக்கு மேல யாராவது எதாவது சொன்னாங்களா?"

சொல்லவில்லை என்றேன். அல்ஹம்துலில்லா என்றாள்.

ஏரோவின் செருப்பு கதவோரம் வெளிப்பக்கம் பார்த்தபடி கிடந்தது. தரையைப் பெருக்கும்போது எடுத்து, பெருக்கியபின் அதே இடத்தில் வைப்பாள். வெள்ளைத் துணியைத் துவைத்துக் காயவைத்துத் திரும்பச் சட்டியில் போர்த்துவாள். அதில் மஞ்சளாக எண்ணெய்க்கறை ஏறியது. ஹாவா அந்தப் பக்கம் போகும்போது துணியைப் பார்க்காமல் போவதற்குப் பழகிக்கொண்டாள். சிகாவுக்குத்தான் கஷ்டம். தினமும் வந்து ரொட்டி வாங்குவாள். சொல்லாத பாதி அவள் தொண்டையில் நிற்பது முகத்தில் தெரியும்.

இப்படியே அந்த மழை போய், இன்னொரு மழையும் வந்து ஓய்ந்தது. ஒரு காலை கைபேசி கூவியது. சாம்பாவின் குரல் செய்தி. தாக்கோவின் இரண்டு கையிலும் ரொட்டி இருந்ததால் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைக்கச் சொன்னாள், நான் வைத்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். செய்தி நீளமானது. அவள் முழுதும் கேட்டாள்.

"அல்ஹம்துலில்லா" என்றாள். அதே குரல். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கையிலிருந்த ரொட்டியை அடைத்து, காகிதத்தில் சுற்றி, உரியவரிடம் கொடுத்தாள். கையைக் கழுவினாள். சட்டிமேலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து ரொட்டித் துகள்களை இரண்டு தரம் உதறினாள். விரித்துத் தலையில் போட்டு, முனையைக் கழுத்தைச் சுற்றிச் செருகிக்கொண்டாள்.

மீன்கூடையோடு நின்ற சிகாவைப் பார்த்தாள். பிறகு, பெஞ்சின் ஓரத்திலிருந்த பயறுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து இடம் பண்ணினாள்.

"கூடைய எறக்கி வச்சிட்டு உக்காருடி. எறங்கினவன் அண்ணாந்து பாத்து என்ன கேட்டான்?"