தையல் போட்ட கெண்டை

சந்தையில் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் அடித்த மீன் வாடையில், அரசாங்கப் படிவம் போல ஒரே உருவத்தில் அடுக்கியிருந்த பண்ணை மீன்களைப் பார்த்தபோது, ஆம்பூரில் அப்பா வேலை பார்த்த தோல் மண்டியின் சமையற்கட்டு நினைவுக்கு வந்தது; இப்போது அங்கே சுவர்கூட இல்லை. தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறும் நாற்றத்துக்கு நடுவேதான் அங்கே மீன் பொரியும். பாலாற்று மடுவில் சும்மா கிடக்கும் கெண்டை வயிறு பெருத்து அகலமாக இருக்கும். ஜவ்வாது மலை ஓடையில் ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் அதே கெண்டை ஒல்லியாக இருக்கும். ஊரில் அகலத்துக்குத்தான் மரியாதை.

ஒரு கோடையில் பாலாறு வறண்டுவிட, அந்த ஆற்று மீனுக்காகவே மதராஸிலிருந்து வரும் தோல் வியாபாரிக்கு விருந்து வைக்க வேண்டியிருந்தது. "ஒல்லி மீன் வச்சே, வேலை போச்சு" என்று மண்டி முதலாளி, சமையற்காரர் காசிம் பாயிடம் சொல்லிவிட்டார். பாய் மலை மீனையே வாங்கி, வயிற்றில் தேங்காயும் மசாலாவும் திணித்து, தோல் கட்டு தைக்கும் கோணி ஊசியால் தைத்துப் பொரித்தார்.

வியாபாரி, தோலைத் தரம் பார்க்கும் பழக்கத்தில், மீனின் முதுகைத் தடவிவிட்டு வயிற்றைத் திருப்பினார். "முதுகு மலை, வயிறு பாலாறு. இன்னா பாய், ஒட்டுப்போட்ட சரக்கா?"

"ஆறு காஞ்சிபோச்சு சாயபு. உங்க வயிறு காயக்கூடாதுல்ல."

வியாபாரி தின்று முடித்து, இன்னொன்று கேட்டார்.

மறுவருஷம் பாலாற்றில் வெள்ளம். அகலமான கெண்டையைப் பொரித்து வைத்தார்கள். வியாபாரி தட்டைத் தள்ளிவிட்டு, தையல் மீன் எங்கே என்றார். ஒல்லி மீன் தேடி மலைக்கு ஆளை விரட்டியது முதலாளிதான்.