அக்கா தெரிந்தெடுத்த நாகு

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு மண்டபத்தில் அமர்ந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பு தம்பியாகிய என்மேல் விழுந்தது. அன்பானவர், பண்பானவர், விருந்தோம்பலில் சிறந்தவர் என்று நாலு வரியில் முடித்திருக்கலாம். அச்சகத்தில் அதற்கென்றே ஆயத்தமாக ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். விருந்தோம்பலில் சிறந்தவர் என்றால் அக்காவை அறிந்தவர்கள் சிரித்துவிடுவீர்கள். அதனால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அக்கா யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் பிறந்தவர். செத்தவீட்டுக்கு வந்த பலர், ஊரில் மாடு வளர்த்த பரம்பரை, அதுதான் கனடாவிலும் விடவில்லை என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். சுத்தப் பொய். எங்கள் வீட்டில் ஓர் ஆடுகூட நின்றதில்லை. அப்பா வானொலிப் பெட்டி திருத்துகிறவர். பால் போத்தலில் வரும், அதையும் அக்கா குடிக்கமாட்டார். இடம்பெயர்ந்து, கொழும்பில் காத்துக் கிடந்து, ரொறன்ரோவுக்கு வந்து, கோழி இறைச்சித் தொழிற்சாலையில் குளிருக்குள் நின்று விரல்கள் மரத்துப்போன காலத்தில்தான், வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் அவரை விட்பி என்ற ஊருக்கு வடக்கே ஒரு பண்ணையில் மாட்டுக் கொட்டில் கழுவ அனுப்பினார்கள். அங்கேதான் ஷோர்ட்ஹோர்ன் என்ற இன மாடுகளை முதன்முதலாகக் கண்டார். சிவப்பு, வெள்ளை, இரண்டும் மயிருக்கு மயிர் கலந்த நிறம் என்று மூன்று வகையாக நிற்கும். ஏன் அங்கேயே தங்கினீர்கள் என்று நான் பிறகொரு நாள் கேட்டேன். மாடு பிடித்ததால் இல்லையாம். அங்கே யாரும் அவரோடு கதைக்கவில்லையாம், அது பிடித்திருந்ததாம்.

இன்னும் கன்று ஈனாத இளம் பசுவை நாங்கள் நாகு என்போம். கண்காட்சிக்கும் விற்பனைக்கும் நாகு தெரிந்தெடுப்பது இங்கே பெரிய வேலை. அக்கா முதலில் மாட்டுக்குப் பின்னுக்குப் போய் நிற்பார். இரண்டு இடுப்பு எலும்பும் அகலமாக, ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து வாலடி மெல்லச் சரிய வேண்டும், இல்லாவிட்டால் கன்று வெளியே வரச் சிரமப்படும். பிறகு பக்கவாட்டில் வந்து, முதுகு நேரே ஓடுகிறதா, விலா ஆழமாக வளைகிறதா என்று பார்ப்பார். பின்னங்கால் அரிவாள் போல வளைந்தாலும் ஆகாது, தடி போல நிமிர்ந்தாலும் ஆகாது. கடைசியாக நடக்க விடுவார். முன்னங்கால் வைத்த அடியில் பின்னங்கால் விழ வேண்டும். விற்க வருகிறவர்கள் மாட்டைக் குளிப்பாட்டி, மயிரைக் காற்றால் ஊதி நிமிர்த்தி, கத்தரித்து, இல்லாத நேர் முதுகை இருக்கிறதாகக் காட்டிவிடுவார்கள். அக்கா மயிருக்குள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். என் கல்யாணத்தன்று மணவறையில் வைத்து, தாறா மாதிரிக் காலை அகட்டிக்கொண்டு நிற்கிறாய், உள்ளுக்கு வை என்று காதுக்குள் சொன்னார்.

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ட்ரக் ஓடிக்கொண்டிருந்தவர். ரொறன்ரோவில் மில்லிக்கன் பக்கம் இருந்த வீட்டை விட்டுவிட்டு, விட்பிக்கு வடக்கே வாடகைக் காணியில் சில பசுக்களோடு இருவரும் குடியேறியபோது, எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் ஒரு வருடத்துக்குக் கதைக்க விஷயம் கிடைத்தது. பிள்ளை இல்லாத குறைக்கு மாடு வளர்க்கிறா என்றார்கள். அக்கா அதைக் கேட்டுவிட்டு, பிள்ளை எண்டால் இப்பிடிப் பாத்துப் பாத்துக் கழிக்கேலாதே என்றார். உண்மையிலேயே கழித்தார். ஒவ்வொரு வருடமும் பிறந்த நாகுகளில் ஆகத் திறமானதை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்பார். வாங்க வந்தவரிடம் முதலில் குறையைச் சொல்லுவார், பிறகுதான் நல்லதைச் சொல்லுவார். இப்படி எந்த மடையன் வியாபாரம் செய்வான் என்று அத்தான் திட்டுவார். அதே அத்தான் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியும் திரிவார்.

புற்றுநோய் ஈரலுக்குப் போய்விட்டது என்று டொக்டர் சொன்னபோது அக்கா அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், அத்தானுடைய முதுகு இந்த வேலையைத் தனியே தாங்காது, பட்டியை விற்போம் என்றார். காணிக்காரரும் காணியை விற்க வீடு கட்டுகிறவர்களோடு பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். ஒன்றொன்றாகப் பசுக்கள் போயின. கடைசியில் மிஞ்சியவள் பவளம் என்ற நாகு. அக்கா இத்தனை வருடம் கழித்துக் கழித்து எடுத்ததெல்லாம் அந்த ஒருத்தியின் உடம்பில் நின்றது. பின்னால் நின்று பார்த்தால் மேசை வைத்த மாதிரி இடுப்பு. எனக்கு மாடு தெரியாது. எனக்கே தெரிந்தது.

அப்போது அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: "நான் இருக்கமாட்டன், அது சரி. இவள் ஆரோ ஒராளின்ரை நல்ல பட்டியிலை நிண்டு கன்று போட வேணும். அது மட்டும் காணும் எனக்கு." வேறு ஒன்றுமே அவர் கேட்கவில்லை. நாற்பது வருடமாக இந்த இனத்தை வளர்க்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா கோடையில் வந்து பவளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இலையுதிர்கால விற்பனைக்குக் கொண்டு வா, நான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அக்கா இரண்டு முறை சோறு சாப்பிட்டார்.

இனி எழுதப்போவதைப் பெரியண்ணை வாசிப்பார். வாசிக்கட்டும். எங்கள் பெரியம்மாவின் மகனான பெரியண்ணை ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் புதுவீடு வாங்கினார். வீட்டுக்குக் குடிபுகும் குடிபூரலன்று முதலில் பசு உள்ளே வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. இரவல் வாங்கப் பசு வைத்திருக்கிற சொந்தக்காரர் ரொறன்ரோவில் வேறு யார்? அக்கா ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு கிடந்த கிழமை, பெரியண்ணை அத்தானுக்கு போன் எடுத்தார். கன்று போடாத நாகுதான் நிற்கிறது என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். லட்சுமி லட்சுமிதான் தம்பி என்றாராம் பெரியண்ணை. அத்தான் வாழ்க்கையில் ஒருவருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. கண்காட்சிக்கென்று கயிற்றில் நடக்கவும், ஆட்களுக்கு நடுவில் அசையாமல் நிற்கவும் பவளத்தைப் பழக்கியிருந்தார் அக்கா. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அத்தான் அவளை ஏற்றிக்கொண்டு போனார்.

பொட்டு வைத்து, மாலை போட்டு, வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். உள்ளே பளபளவென்று மாபிள் தரை. நானும் அங்கே நின்றேன். எல்லோரும் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். பவளம் ஒரு பிள்ளை போல நடந்து வந்து, முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்தாள். பின்னங்கால் வழுக்கியது. அவள் சரிந்தபோது இடப்பக்க இடுப்பு எலும்பு கதவு நிலையின் விளிம்பில் அடித்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. எழும்பி நின்றாள், நடுங்கினாள். யாரோ, உள்ளுக்கை வந்திட்டுது, அது காணும் என்றார்கள். அத்தான் அவளை வெளியே கொண்டுபோன கையோடு அடுப்பில் பால் பொங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்கா ஆஸ்பத்திரியால் வந்ததும் வராததுமாகக் கொட்டிலுக்குப் போனார். வழக்கம்போல் பின்னுக்குப் போய் நின்றார். ஒரு பக்க இடுப்பு இறங்கியிருந்தது. கிட்டப் போய் மயிருக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். பிறகு அத்தானைப் பார்த்து, "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார். அத்தான் வைக்கோலில் குந்தியிருந்து அழுதார். பெரியண்ணை ஒரு தட்டம் பழத்தோடு வந்து மன்னிப்புக் கேட்டார். அக்கா பழத்தை வாங்கி வைத்தார். எனக்கென்றால் அந்தத் தட்டத்தை அவர் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது.

விற்பனைக்கு அக்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். அந்த வெள்ளைக்கார அம்மா சொன்னபடி வந்தார். இறங்கிய இடுப்பைக் கண்டதும் முகம் மாறியது. இது விழுந்ததால் வந்ததா, பிறப்பிலா என்று கேட்டார். விழுந்ததுதான், இரத்தத்தில் இல்லை என்றார் அக்கா. அப்படியானால் பிறக்கிற கன்றுக்குக் குறை வராது, எடுக்கிறேன் என்று அவர் சொல்ல வாய் எடுத்தார். நான் கடவுளே என்று கண்ணை மூடினேன். அப்போது அக்கா சொன்னார்: உள்ளே இடுப்புக்கூட்டிலும் வெடிப்பு இருக்கலாம் என்று மிருக வைத்தியர் சந்தேகப்படுகிறார், கன்று வரும்போது தாயும் கன்றும் போகக்கூடும், என்னால் உறுதி தரமுடியாது. அந்த அம்மா வெகு நேரம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

ஏலத்தில் பட்டிக்காரர் ஒருவரும் கை உயர்த்தவில்லை. இறைச்சிக்கு வாங்குகிற ஆள் எடுத்தார். காருக்குள் நான் பொறுக்கமாட்டாமல், அதை ஏன் சொன்னீர்கள், அவ கேட்கவே இல்லையே என்று கத்திவிட்டேன்.

அக்கா யன்னலைப் பார்த்தபடி, "அவவின்ரை கொட்டிலிலை பவளம் கன்று போடேக்கை கத்துறது எனக்குக் கேக்கும், தம்பி" என்றார்.

அதன் பிறகு அக்கா மாட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது. முதல் பனி விழுந்த கிழமை, பகலில், அத்தான் பக்கத்தில் இருக்கும்போது மூச்சு நின்றது. நிம்மதியாகப் போனார் என்று எழுதச் சொல்லி எனக்கு நாலு பேர் சொன்னார்கள். நான் பார்த்தேன், நிம்மதியாகப் போகவில்லை.

அக்காவை வீட்டுக்கு வந்து பராமரித்த தாதிமாருக்கும், கடைசி நாட்களில் தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த மில்லிக்கன் அன்ரிக்கும், அக்கா வீட்டு வாசலில் கேட்காமலே பனி தள்ளிவிட்ட அயல் பண்ணைக்காரருக்கும், பூ அனுப்பியவர்களுக்கும், தூரம் பாராமல் வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த வெள்ளைக்கார அம்மா செத்தவீட்டுக்கு வந்து கடைசி வரிசையில் இருந்தார். அவருக்கும் நன்றி.

இன்றைய கிரியையில் கோதானம் இல்லை. ஏன் இல்லை என்று அத்தானிடம் போய் ஒருவரும் கேட்க வேண்டாம். ஆன்மா பசுவின் வாலைப் பிடித்துத்தான் யமலோகம் போகும் வழியிலுள்ள ஆற்றைக் கடக்க வேண்டும், பசுவுக்குப் பதிலாகச் சின்ன வெள்ளிப் பசு கொடுத்தாலும் போதும் என்று ஐயர் சொன்னதால், போன கிழமை ஒன்று வாங்கி அத்தானின் கையில் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொட்டிலிலை நிண்டவளை இறைச்சிக்குக் குடுத்துப்போட்டு, அவவுக்கு இதையோ குடுக்கிறது?" என்றார்.

நான் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.