மாத்திரை இல்லாத எழுபது நாட்கள்

முதல் அறிகுறி கம்பெனிப் பேருந்தில் வந்தது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டுக்குப் போகும் பேருந்து. திருமுல்லைவாயல் சிக்னலில் நின்றிருந்தபோது அடிவயிற்றில் ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் ஒரு வலி. இதை அடக்க முடியாது என்பது அடுத்த நொடியே தெரிந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி என் முகத்தைப் பார்த்தாள். ஓட்டுநரிடம் சொல்லி வண்டியை ஓரங்கட்ட வைத்து, என்னோடு அவளும் இறங்கினாள். பெட்ரோல் பங்க் ஆட்களிடம் பேசிக் கழிப்பறைச் சாவியை வாங்கித் தந்தாள். நான் வெளியே வரும்வரை இரண்டு பேருடைய பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகிலேயே நின்றாள்.

உள்ளே நான் ரத்தத்தைப் பார்த்திருந்தேன். வெளியே வந்து அவளிடம்தான் முதலில் சொன்னேன். என் கணவருக்குக்கூட அதற்குப் பிறகுதான் தெரியும்.

வாகனங்களுக்கான ரப்பர் வளையங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கும் கஸ்தூரிக்கும் வேலை. பழுதான வளையங்களைப் பிரித்தெடுக்கும் மேசையில் பன்னிரண்டு ஆண்டுகளாக எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவளுக்கும் மூன்று ஆண்டுகளுக்கு முன் வயிற்றில் இதேபோல் வந்து, ஒரு மாதம் விடுப்பில் இருந்தாள். பிறகு தேறிவிட்டாள். எப்படித் தேறினாள் என்று எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். பொடியால்.

அந்தப் பொடிக்கு வருகிறேன். அதற்கு முன் மருத்துவரிடம் போனதைச் சொல்ல வேண்டும்.

ரத்தம் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு முறை, எட்டு முறை என்று போனது. மூல வியாதியாக இருக்கும் என்று நானே முடிவு செய்து மூன்று வாரம் வீணாக்கினேன். கூச்சம்தான் காரணம். இதைப் படிக்கும் உங்களுக்கும் அந்தக் கூச்சம் இருந்தால், என்னைப்போல் நாட்களைக் கடத்தாதீர்கள்.

எங்கள் கம்பெனி ஊழியர்களை வழக்கமாக அனுப்பும் மருத்துவமனை பூந்தமல்லி பக்கம் இருக்கிறது. அங்கே கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். சதைத் துணுக்கு எடுத்தும் பார்த்தார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகும் நாட்பட்ட நோய்) என்று முடிவு வந்தது.

மருத்துவர் என் வயதை ஒத்த பெண். திரையில் என் குடலின் படத்தைக் காட்டினார். சிராய்த்த முழங்கால்போல் இருந்தது.

"இது எதனால வந்துச்சு டாக்டர்? நான் வெளில கூட சாப்பிட மாட்டேனே."

"நீங்க எதுவும் தப்பு பண்ணலம்மா. உடம்பே தன்னோட குடலை எதிரின்னு நெனச்சிக்குது. மாத்திரை போட்டா அடங்கும். அடங்கினாலும் மாத்திரைய விடக் கூடாது. அதான் முக்கியம்."

அடங்கியது. ஒரு மாதத்தில் ரத்தம் நின்றது. இரண்டாம் மாதம் எட்டு முறை இரண்டு முறையாகக் குறைந்தது. அந்த நாட்களில் குழைய வேகவைத்த புழுங்கலரிசிக் கஞ்சி, இட்லி, தோலும் விதையும் நீக்கிய சுரைக்காய், பழுத்த வாழைப்பழம், இவைதான் என் சாப்பாடு. பால் ஒத்துக்கொள்ளவில்லை. மோர் ஒத்துக்கொண்டது. கஸ்தூரி தினமும் ஒரு பாட்டிலில் பச்சை மிளகாய் போடாத நீர்மோர் கொண்டுவந்து என் மேசையில் வைப்பாள். அதைக் குடித்ததும் வயிற்றுக்குள் யாரோ விசிறிவிட்டதுபோல் இருக்கும்.

அதனால்தானோ என்னவோ, என்னைத் தேற்றியது மாத்திரை என்று எனக்குத் தோன்றவில்லை. மாத்திரைக்கு ருசி இல்லை, இதம் இல்லை. விழுங்கினால் ஒன்றும் தெரியாது. மோர் இதமாக இருந்தது. இதமாக இருப்பதுதான் குணமாக்குகிறது என்று நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் கஸ்தூரி பொடியைப் பற்றிப் பேசினாள். புரோபயாட்டிக் (குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) என்று டப்பாவின் மேல் போட்டிருந்தது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாற்றி விற்கும் சரக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூட்டம் நடக்கும். அங்கே கஸ்தூரி மைக்கைப் பிடித்துத் தன் கதையைச் சொல்லுவாள். நானும் ஒருமுறை போய்க் கேட்டேன். ரத்தம் போனது, பத்துக் கிலோ இளைத்தது, பொடி சாப்பிட்டு மீண்டது, எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள்.

"எனக்கு இருந்த அதே சீக்குதான் தேவி உனக்கும். இப்ப நான் இன்னா செத்தா பூட்டேன்? நல்லாத்தானே கீறேன்."

"அப்ப மாத்திரை?"

"அது கெட்டத மட்டுமா கொல்லுது? நல்ல பூச்சியையும் சேத்து கொல்லுது. பொடியும் துன்னுகினு மாத்திரையும் துன்னா ரெண்டும் வேஸ்ட்டு. ஒண்ணு அது, இல்ல இது."

"நீ நிறுத்திட்டியா?"

அவள் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "நான் மாத்திரை மூஞ்சிலயே முழிக்கிறதில்ல" என்றாள்.

மறுநாள் காலை மாத்திரை அட்டையை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். கணவர் கேட்டால் போட்டுவிட்டேன் என்பேன். அவர் நம்பினார். இதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். நான் ஏமாந்தேன் என்று சொல்வதற்கு முன், நானும் ஒருவரை ஏமாற்றினேன்.

முதல் இருபது நாட்கள் நன்றாகவே இருந்தேன். காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் பொடி, பகலில் மோர், இரவில் கஞ்சி. கஸ்தூரி தினமும் விசாரித்தாள்.

"இன்னிக்கு எத்தினி தடவ போன?"

"ரெண்டு."

"ரத்தம் கீதா?"

"இல்ல."

"சளி மாதிரி எதுனா?"

"அதுவும் இல்ல."

கூடப் பிறந்தவள்கூட இப்படிக் கேட்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வாரத்தில் சளி தெரிந்தது. சொன்னேன். பழைய கழிவு வெளியேறுகிறது, நல்லதுதான் என்று கூட்டத்தில் சொன்னதாகச் சொன்னாள். பொடியை இரண்டு வேளையாக்கினேன். ஏழாம் வாரத்தில் ரத்தம் திரும்பியது. அதையும் சொன்னேன். அன்று அவள் குனிந்து வளையங்களைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றாள். மூன்று வேளையாக்கினேன்.

எழுபதாம் நாள் குளியலறையில் விழுந்தேன். கணவர் கதவை உடைத்துத்தான் என்னைத் தூக்கினார்.

மருத்துவமனையில் சேர்த்த அன்று ஹீமோகுளோபின் (உடலுக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ரத்தச் சத்து) இருக்க வேண்டிய அளவில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றினார்கள். ஸ்டீராய்டு (அழற்சியை வேகமாக அடக்கும் மருந்து) நரம்பு வழியாகப் போனது. மூன்று நாட்களில் கட்டுப்படாவிட்டால் பெருங்குடலை அறுத்து எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

மருத்துவர் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் திட்டவில்லை. "டெய்லி கேட்டேனே தேவி, போட்டியா போட்டியான்னு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் என் முகத்தை அவர் பார்க்கவில்லை. சாப்பாடு கொண்டுவருவார், வைத்துவிட்டு வெளியே போய் நிற்பார்.

பொடி டப்பாவை எடுத்து வரச் சொல்லி மருத்துவர் பார்த்தார்.

"இதுல விஷம் எதுவும் இல்லம்மா. நல்ல பாக்டீரியான்னு ஒண்ணு இருக்கிறதும் உண்மைதான். சில பேருக்கு, சில நேரம், டாக்டர் பாத்துக் குடுத்தா உதவும். ஆனா உங்க புண்ணுக்கு மாத்திரைக்குப் பதிலா இத வெக்க முடியாது. மோரும் அப்படித்தான். எரியிற எடத்துக்கு எதமா இருக்கும். நெருப்ப அணைக்காது."

மூன்றாம் நாள் மாலை ரத்தம் குறையத் தொடங்கியது. குடல் தப்பியது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஒன்பது நாளும் கஸ்தூரி வரவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒருமுறை போனில் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குப் பலித்தது, எனக்குப் பலிக்கவில்லை, என் உடம்பின் ராசி என்றுதான் நினைத்திருந்தேன். என் உடல்தான் எனக்குத் துரோகம் செய்துவிட்டது என்று அழுதேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனேன். ஒரு சனிக்கிழமை. குடல்நோய் பிரிவுக்கு வெளியே நீளமான தாழ்வாரம், சுவரோரம் நாற்காலிகள். கணவர் சீட்டு பதியப் போயிருந்தார். செவிலியர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கஸ்தூரி."

வேறு யாரோ என்று நினைத்தேன். எனக்கு நான்கு நாற்காலி தள்ளி, துப்பட்டாவால் தலையைப் போர்த்தியிருந்த பெண் எழுந்தாள். கையில் தடித்த கோப்பு. ஓரங்கள் மடங்கி, ரப்பர் பேண்ட் போட்டு, பல ஆண்டுகள் புழங்கிய கோப்பு.

என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போனாள். வெளியே வரும்வரை காத்திருந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மடியில் இருந்த மருந்துச் சீட்டைப் பார்த்தேன். என்னுடைய அதே மாத்திரை. அதே அளவு.

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா."

"நிறுத்தவே இல்லியா?"

"ஒரு நாள் கூட நிறுத்தல."

"அப்ப அந்தப் பொடி?"

"அதயும் துன்னேன், இதயும் துன்னேன். எதால சரியாச்சுன்னு எனக்கு மட்டும் இன்னா தெரியும்? மாத்திரைய பத்தி மீட்டிங்ல பேசாதன்னாங்க. பேசல."

"மீட்டிங்ல பேசல, சரி. என்கிட்ட ஏன்டி சொல்லல? நீதானே என்ன நிறுத்தச் சொன்ன."

அவள் கோப்பின் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் நிறுத்தணும்னு ஆச தேவி. ஆயுசுக்கும் இதே வேலயான்னு இருந்திச்சு. நிறுத்த பயம். நீ நிறுத்திட்டு நல்லா இருந்தா, நானும் நிறுத்திக்கலாம்னு பாத்தேன்."

எத்தனை தடவை, ரத்தம் இருக்கிறதா, சளி இருக்கிறதா என்று அவள் தினமும் கேட்டது ஏன் என்று அப்போது விளங்கியது. எழுந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள். கையை விடுவித்துக்கொண்டேன்.

"ரத்தம் வருதுன்னு சொன்னனே கஸ்தூரி. அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் உன் ஊட்டாண்ட வரைக்கும் வந்தேன். உள்ள வர முடியல. திரும்பிட்டேன்."

அதற்குள் கணவர் வந்துவிட்டார். அவள் கிளம்பிப் போனாள்.

பொடி விற்றுச் சம்பாதிப்பதற்காக அவள் அதைச் செய்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அவள் சொன்ன அந்த ஆசை எனக்கும் இருந்தது. அதனால்தான் நிறுத்தினேன். ஆனால் அவள் நிறுத்தவில்லை. என்னை முன்னால் இறக்கி ஆழம் பார்த்துவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டாள். இதை எழுதும்போதும் அந்த இடத்தில் என் கை நின்றுவிடுகிறது.

ஸ்டீராய்டால் முகம் ஊதியது. தூக்கம் போனது, முடி கொட்டியது. நான்கு மாதத்தில் அதைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்கள். பழைய மாத்திரையோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. இப்போது ரெமிஷனில் (நோய் அடங்கியிருக்கும் நிலையில்) இருக்கிறேன். வேலைக்கும் போகிறேன். வேறு மேசை கேட்டு வாங்கிக்கொண்டேன். கஸ்தூரி அதே இடத்தில் இருக்கிறாள். எதிரில் வந்தால் இருவரும் தலையசைப்போம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவள் இப்போது பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை.

சென்ற மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த மாலதி என்னைத் தேடி வந்தாள். கரையான்சாவடியிலிருந்து வருகிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய். சாப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து போகும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு மாசமா வயிறு சரியில்ல. ரத்தமும் போவுது. உங்களுக்கும் இருந்திச்சாமே. நீங்க இன்னா சாப்ட்டு சரியாச்சு?"

"யார் சொன்னாங்க உனக்கு?"

"கஸ்தூரி அக்காதான். தேவியப் போயி கேளு, அவ மறைக்காம சொல்லுவான்னாங்க."

தானும் இன்றுவரை அதே மாத்திரையைப் போடுவதாக அவள் மாலதியிடம் சொல்லவில்லை. அதை நான் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவள் நோய், அவள்தான் சொல்ல வேண்டும். என் பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். மோர் பாட்டிலையும் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்கு சரியாகல மாலதி. அடங்கிகீது. அடக்கி வெச்சிருக்கிறது இந்த மாத்திரை. மோரு நான் ஆசைக்குக் குடிக்கிறது. உனக்கு இன்னா சீக்குன்னு எனக்குத் தெரியாது. நாளைக்கே லீவு போட்டு டாக்டராண்ட போ."

"நான் ஒண்டியா போவணுமா அக்கா? பயமா கீது."

அவளோடு நானும் போனேன். அதே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம்.

இனி வரும் ஆண்டுகளைப் பற்றி யோசிக்க எனக்கு வருவதில்லை. ஒரு சோதனையிலிருந்து அடுத்த சோதனை வரைக்குமான மூன்று மாதம், அதற்குள் ஒவ்வொரு நாளாக வாழ்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் அடிவயிற்றில் கையை வைத்துச் சிறிது நேரம் உட்கார்ந்திருக்கிறேன். முன்பு அது என் வயிறு. இப்போது நான் குடியிருக்கும் வீட்டில் கூடவே குடியிருக்கும் யாரோபோல் இருக்கிறது, அதன் நடமாட்டத்துக்குக் காது கொடுக்கிறேன். ஒன்றும் இல்லை என்று அது சொன்னால் எழுந்து வேலையைப் பார்க்கிறேன். அந்த வேளைக்கு அது போதும். அடுத்த வேளை மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.