பிரசவ வார்டின் பட்டை சார்

"உப்பு நீல டப்பாவில இருக்கு" என்று மனைவி சொன்னால் அவருக்குப் போதாது. "அப்போ நீல டப்பாவில உப்பு மட்டுந்தானே இருக்கு?" என்று திருப்பிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் மூடியில் கை வைப்பார்.

"இல்லீங்க, உள்ள யானை படுத்திருக்கு. மெதுவாத் திறங்க" என்பார் அந்த அம்மாள்.

அவரும் மெதுவாகத்தான் திறப்பார்.

பிரசவ ஆஸ்பத்திரியில் அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜையும் ஒரு மின்விசிறியும் வைத்த அறை. உயரமான ஆள் என்பதால் எழும்போதெல்லாம் தலையைக் குனிந்துதான் எழுவார். குழந்தை பிறந்ததும் அதன் காலில் ஒரு பட்டை, தாயின் வலது மணிக்கட்டில் ஒரு பட்டை, இரண்டிலும் வெவ்வேறு எண். எந்தப் பிள்ளை எந்தத் தாயுடையது என்று சொல்லுவது அவர் எழுதிய புரோகிராம். அதனால் நர்சுகளுக்கு அவர் 'பட்டை சார்'.

முன்பெல்லாம் அந்தப் புரோகிராமுக்குள் இரண்டு பட்டியல் வைத்திருந்தார். பிள்ளையைச் சொன்னால் தாயைக் காட்ட ஒன்று. தாயைச் சொன்னால் பிள்ளையைக் காட்ட இன்னொன்று. ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் கையோடு திருத்த வேண்டும். விட்டுப்போயிற்றோ என்ற பயம் வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார். சென்ற மாதம்தான் அந்தப் பயத்துக்கு மருந்தாக ஒரு லைப்ரரி கிடைத்தது. புத்தகம் அடுக்குகிற இடமில்லை. யாரோ புண்ணியவான் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்த புரோகிராம் துண்டு. ஒரே பட்டியல், ஆனால் எந்தப் பக்கமிருந்தும் கேட்கலாம்.

வீட்டில் தலை துவட்டுகிற துண்டுகளை வைத்துத்தான் பழகினார். பச்சை மனைவிக்கு, நீலம் தனக்கு, மஞ்சள் மச்சானுக்கு. 'மஞ்சள்' என்று கேட்டால் மச்சான் வந்தார். திருப்பிப் போட்டு 'மச்சான்' என்று கேட்டால் மஞ்சள் வந்தது. பிறகு ஓர் ஆசையில் வெள்ளைத் துண்டையும் மச்சான் பேரிலேயே எழுதிப் பார்த்தார். முடியாது என்று திரை மறுத்துவிட்டது.

"ஒரு ஆளுக்கு ஒரு துண்டுதானாம். எப்படி முறைச்சிக்கிட்டு நிக்குது பாரேன்!"

"எங்க அண்ணனுக்கு ரெண்டாவது துண்டு குடுக்க உங்களுக்குத்தான் மனசு வராது. மெஷினுக்குமா?" என்றார் மனைவி.

வார்டில் அந்தப் பிடிவாதத்தை யாரும் ரசிக்கவில்லை. அவசரத்தில் ஒரு பிள்ளைக்கு வேறொரு தாயின் எண்ணை அடித்துவிட்டால், அந்தத் தாயின் சொந்தப் பிள்ளையை எழுத வரும்போது மெஷின் மறுக்கும். பழைய தப்பைத் தேடி அழித்த பிறகுதான் இடம் கொடுக்கும்.

"சார், உங்க மெஷின் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு இதையும் நாங்க தாஜா பண்ணணுமா?" என்றார் பெரிய சிஸ்டர்.

அதட்டினால் அவருக்கு எதிர்த்துப் பேச வராது. லைப்ரரியில் வலிந்து எழுத ஒரு கட்டளை இருந்தது. இருப்பதைத் தள்ளிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் உட்கார வைக்கும். ஒரே ஒரு சொல்லை மாற்றினார். மெஷின் வாயை மூடிக்கொண்டது. "இப்பதான் சார் சொன்ன பேச்சு கேக்குது" என்று பெரிய சிஸ்டரே பாராட்டினார்.

அடுத்த வாரம் ஒரு தாய்க்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. முதலில் பெண், ஆறு நிமிஷம் கழித்து ஆண். இருவரையும் அம்மாவின் ஒரே எண்ணில் எழுதினார்கள். மெஷின் முனகவில்லை.

மறுநாள் காலை பெண் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்த நர்ஸ், காலிலிருந்த பட்டையைக் கருவியில் காட்டினார். 'தாய் இல்லை' என்றது திரை. தாய் பெயர் வராமல் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது என்பது வார்டு விதி. நர்ஸ் தயங்கி நின்றார்.

"என்ன, தாய் இல்லையா? அப்போ நேத்து வலியில துடிச்சது யாரு, பக்கத்துக் கட்டிலா?" தையல் போட்ட உடம்போடு அந்தப் பெண் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டாள்.

பட்டை சார் படியேறி வந்து திரையைப் பார்த்தார். தம்பிக்கு இடம் கொடுக்க அக்காவைப் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டிருந்தது அவர் போட்ட அந்த ஒரு சொல். கடவுள் புண்ணியத்தில் பிரசவ அறை நோட்டு இருந்தது. கால்பட்டை எண், எடை, பிறந்த நேரம், இரண்டு நர்சுகளின் கையெழுத்து எல்லாம் ஒத்துப்போக, பிள்ளை தாயின் மடிக்கு வந்தது.

"ரெண்டையும் ஒரே நம்பர்ல போட்டது நாங்கதானே சார்" என்று பெரிய சிஸ்டர் மெல்லச் சொன்னார்.

"இல்ல சிஸ்டர். முடியாதுன்னு அது அப்பவே சொல்லியிருக்கும். அதோட வாயைக் கட்டினது நான்."

கீழே போய் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, பழையதையே போட்டார். பிறகு புதிய எண்ணில் தாய்க்கு இன்னொரு பட்டையோடு மேலே வந்தார். வலது கைப் பட்டை பையனுக்கு, இது பெண்ணுக்கு. அந்தத் தாய் இரண்டு பிள்ளைகளையும் அணைத்தபடி அவரையே பார்த்தாள்.

"இனிமே என் புள்ளைக்கு யாருமில்லன்னு சொல்லாதுல்ல?"

"சொல்லாதும்மா. தப்பா எழுதப் பாத்தா எழுத மாட்டேன்னு நிக்கும். அதுக்கு என்னைத் திட்டுவாங்க. திட்டட்டும்."

அவள் மகளை மடியில் கிடத்திவிட்டு இடது கையை நீட்டினாள். பட்டையைச் சுற்றியவர் உடனே அழுத்தி மூடவில்லை. தன் சுண்டுவிரலைப் பட்டைக்கும் அவள் தோலுக்கும் நடுவே விட்டு, இறுக்குகிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.