நுனிக்காலில் நின்றவள்

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெகுநாள் கிடந்தாள். பிழைத்தாள். அனுப்பும்போது, கை கால் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வப்போது கொண்டு வா என்றார்கள்.

அப்போது மாதனூரில் இருந்தோம். நான் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை செய்தேன். குழந்தையைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார். சின்ன உடம்பு என்று துணியில் இறுக்கிச் சுற்றியே வைத்திருந்தோம். தூக்கினாலும் தோளில்தான். இடுப்பில் வைத்தால் ஒடிந்துவிடுமோ என்று பயம்.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினேன். வாசலில் கூட்டம். நாத்தனார் குழந்தையை அக்குளில் பிடித்துத் தன் தொடைமேல் நிறுத்தியிருந்தாள். கால் இரண்டும் விறைப்பாக நின்றன.

"பாத்தியா அண்ணி! போலீஸ் வேலைக்குப் போறவ மாதிரி நிக்கிறா."

"இவளா ஏழாம் மாசத்துப் பிள்ள? எம்பேரன் இன்னும் தொளதொளன்னு கெடக்கான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"உம்பேரனுக்குப் பால் குடிக்கவே நேரம் பத்தல. எப்ப நிப்பான்?" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அந்த வாரமே என் வீட்டுக்காரர் நடைவண்டி வாங்கி வந்தார். சிவப்புச் சக்கரம்.

ஆஸ்பத்திரிக்கு நாத்தனாரும் வந்தாள். டாக்டரம்மா குழந்தையைப் பாயில் போடச் சொன்னார். துணியை அவிழ்க்கச் சொன்னார். பிறகு ஒன்றும் செய்யவில்லை. கை கட்டிக்கொண்டு அவள் அசைவதையே பார்த்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன். அப்புறம் மூடிய விரல்களைப் பிரித்தார். இரண்டு கையையும் பிடித்து மெல்ல உட்காரத் தூக்கினார். தலை பின்னால் தொங்கியது.

"எத்தன மாசம்மா?"

"எட்டு."

"முன்னாடியே பொறந்துட்டாளே. அதக் கழிச்சுத்தான் பாக்கணும். ஆறுன்னு வச்சுக்குவோம்."

கொஞ்சம் மூச்சு வந்தது. நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"நல்லா நிக்கிறா டாக்டரம்மா! நீங்க அதப் பாக்கலியே" என்று தூக்கி நிறுத்தினாள்.

டாக்டரம்மா குனிந்து பாதத்தைப் பார்த்தார்.

"குதிகால் கீழ படுதா, பாருங்க."

படவில்லை. நுனிவிரலில் நின்றாள். முட்டியோடு முட்டி உரச, கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே கிடந்தன.

"இது பலம் இல்லம்மா. விறைப்பு."

"நடப்பாளா?" என்றேன்.

"இப்ப சொல்ல முடியாது. நிக்க வைக்காதீங்க. நடைவண்டி வேணாம். கால அகட்டி இடுப்புல வச்சுத் தூக்குங்க. பயிற்சியும் சொல்லித் தருவாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. நின்றே வந்தேன்.

"நாந்தான் கெடுத்துட்டனா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"நீ இன்னா பண்ண? நானுந்தான் சிரிச்சேன்."

நடைவண்டியை வீட்டுக்காரர் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். அதன்பின் குழந்தை யாராவது ஒருத்தி இடுப்பில்தான் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகூடக் கேட்டு வாங்கிப் போவாள். மிஷினில் என் கை தைக்கும். மனசு அந்தக் குதிகாலில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பிடித்துப் பார்ப்பேன். ஒருநாள் இளகியிருக்கும். மறுநாள் கட்டை. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி பாய். "பாக்கலாம்மா" என்பார் டாக்டரம்மா. அந்தச் சொல்லைக் கேட்டுக்கேட்டே காலம் போனது.

அவள் வயசுப் பிள்ளைகள் தெருவில் ஓடத் தொடங்கி வெகுநாள் ஆன பிறகு, ஒரு ஞாயிறு மதியம், சுவரைப் பிடித்து எழுந்தாள். இடது குதிகால் தரையில் பட்டது. வலது படவில்லை. சுவரை விட்டாள். சாய்ந்து சாய்ந்து அடுப்படிவரை போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள்.

நாத்தனார் உத்தரத்தைப் பார்த்தாள்.

"வண்டிய எறக்கட்டுமா அண்ணி?"

"எறக்கி யாருக்காவது குடு. நமக்கு எதுக்கு?"