தண்ணீர் நிலையத்தைச் சரிசெய்தது யார்?

அவர் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். இருபத்தாறு வருஷ வேலை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு செய்தித்தாளைத் தவிர வேறெதையும் படித்ததில்லை. கால் உடைந்து ஆறு வாரம் வீட்டில் கிடந்தபோது, கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் மூன்று தடிப் புத்தகங்களைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். கொடுங்கோல் அரசை எதிர்த்து நிற்கும் பதினாறு வயதுப் பெண்ணின் கதை, மூன்று பாகம்.

முதல் பாகத்தை இரண்டே நாளில் முடித்தார். இரண்டாம் பாகத்தில் அந்தப் பெண் நகரத்தின் தண்ணீர் நிலையத்துக்கு வெடி வைத்தாள். அவருக்குச் சுர்ரென்று ஏறியது. அக்கா மகளைப் போனில் பிடித்தார்.

"ஏம்மா, இவ வச்ச வெடியில வால்வு எல்லாம் போச்சே. ஊர்ல இருக்கிற குழந்தைங்க எதைக் குடிக்கும்?"

"மாமா, அவங்க ஜெயிச்சிடுவாங்க. மூணாவதைப் படிங்க."

படித்தார். ஜெயித்தார்கள். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். பழுது பார்த்தது யார் என்று ஒரு வரிகூட இல்லை. தான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று முப்பது பக்கம் பின்னால் போய்த் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களை வாங்க வந்த அக்கா மகள், "எப்படி இருந்துச்சு மாமா?" என்று கேட்டாள்.

"அவ அப்பாவைத் திரும்பப் பார்க்கிற இடத்துல அழுதுட்டேன். பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா எழுதினவங்க பம்ப் ரூம்ல ஒரு நாள்கூட நின்னதில்ல."

அவள் சிரித்தாள். "அவங்க எழுதின வேற கதை ஒண்ணு இருக்கு. கொண்டு வரவா?"

"கொண்டா," என்றார். "அதுல எதை உடைக்கிறாங்கன்னு பார்ப்போம்."