பொட்டலத்தில் வந்த சிவப்பு அரளி

என் பழைய விற்பனைப் பையின் உள்ளறையில், விசிட்டிங் கார்டுகளுக்கு நடுவே, காய்ந்து கறுத்த ஓர் அரளிப் பூ இருக்கிறது. ஜிப் போய், வார் அறுந்து, பை அலமாரிக்குள் ஓய்வெடுக்கப் போன பிறகும் அந்தப் பூவை எறிய எனக்கு மனம் வரவில்லை. பறித்த அன்றைக்கு அது நல்ல சிவப்பு. அதைப் பார்த்ததும் என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

நான் திருப்பூருக்கு வந்தது, நாலாபக்கமும் புது ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்த இரண்டாயிரங்களில். தூத்துக்குடிப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். டிப்ளமோ முடித்த கையோடு, பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களை விற்கும் ஏஜென்சி ஒன்றில் சேர்ந்தேன். கேட்லாக்கை மனப்பாடம் செய்துவிட்டால் மெஷின் தானாக விற்றுப்போகும் என்பது அன்றைய என் ஞானம். மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆடி பொறந்துட்டா இங்க எவனும் புதுசா ஒண்ணும் வாங்க மாட்டான். அதுக்குள்ள ஒரு ஆர்டராவது கொண்டா. இல்லேன்னா ஊருக்கு பஸ் ஏறிக்க." ஊரில் எனக்காக உப்பளம் காத்திருந்தது. தன் கால்கள் உப்பில் வெடித்தது போதும் என்றுதான் அப்பா என்னைப் படிக்க வைத்திருந்தார்.

எனக்குப் பெரிய ஆச்சரியம், இந்த ஊரில் யாரும் என்னைத் துரத்தவில்லை என்பது. எங்கள் பக்கம் என்றால் "வேண்டாம்ல, போ" என்று வாசலிலேயே முடிந்திருக்கும். இங்கே அவிநாசிபாளையம் முதல் பெருமாநல்லூர் வரை, போன இடமெல்லாம் நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள், "பாத்துக்கலாமுங்க தம்பி" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். நான் பூரித்துப்போய் வந்து, "எல்லாரும் வாங்குவாங்க சார்" என்பேன். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படி மோர் கொடுத்தவர்களில் முதலிபாளையத்து முதலாளியம்மா முக்கியமானவர். கணவர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, நிட்டிங் ஷெட்டை இவர்தான் நடத்தினார். மூக்குத்தியும் பஞ்சு படிந்த பருத்திச் சேலையுமாக மெஷின்களுக்கு நடுவே நடப்பார். ஓட்டத்தில் சிறு சத்தம் மாறினாலும் திரும்பிப் பார்ப்பார். நான் போகும்போதெல்லாம் பெரிய மெஷினின் பெருமைகளை ஒப்பிப்பேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப்ட்டீங்களா தம்பி?" என்பார். ஆனி முடியப் போகும் நேரத்தில் ஒரு நாள், "நாளைக்குக் காலைல கோயலுக்கு வாங்க. பூக் கேட்டுப் பாத்துருவோமுங்க" என்றார்.

பூக் கேட்பது என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை ஓர் இலையிலும் மடித்து, சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஒரு மெஷின் வாங்குவதற்குள் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்குப் பயத்தைவிட வேடிக்கைதான் அதிகமாக இருந்தது. வழக்கமாகச் சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்களாம். முதலாளியம்மா என்னையே எடுக்கச் சொன்னார்.

"நான் வேதக்கோயிலுக்குப் போறவன்மா."

"பூவுக்கு அதெல்லாம் தெரியாதுங்க தம்பி. எடுங்க."

எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு. உப்பளம் கண்ணுக்குள் வெள்ளை வெளேரென்று விரிந்தது. முதலாளியம்மா மற்றொரு பொட்டலத்தைப் பிரிக்காமலே கூடையில் போட்டுக்கொண்டு, "சாமி சொன்னா நாம என்னங்க பண்றது" என்று வருத்தப்பட்டார். பூவைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பினேன். மேனேஜரோ, "பூக் கேட்டாச்சுன்னா கதை முடிஞ்சுது, விடு" என்றார்.

என்னால் விட முடியவில்லை. அழுகை வந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அதற்கு மேல் ஒரு குடைச்சல். கூடாது என்று சாமி சொல்கிறதென்றால், எதைப் பார்த்துச் சொல்கிறது? மெஷினில் கோளாறா, ஷெட்டில் கோளாறா? மறுநாளே அளவு டேப்பை எடுத்துக்கொண்டு முதலிபாளையத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் முதலாளியம்மா திகைத்து நின்றது இன்றும் ஞாபகம் இருக்கிறது. "ஏனுங்க தம்பி, வெள்ளப் பூத்தான் வருலீங்களே?"

"அதாம்மா, ஏன் வரலைன்னு பாக்க வந்தேன்."

ஏணி போட்டு ஏறினேன். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம் நான் நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது. நான் விற்கப் பார்த்த மெஷினுக்கோ, நூல் கோன்கள் நிற்கும் சட்டம் தலைக்கு மேலே. அதற்கும் மேலே பஞ்சை விரட்டும் மின்விசிறி. கூட்டிப் பார்த்தால் மெஷின் ஷெட்டுக்குள் நிற்கவே நிற்காது. கேட்லாக்கில் உயரம் அச்சிடப்பட்டிருந்தது. நான் மனப்பாடமாகச் சொல்லியும் இருந்தேன். சொன்னவனும் அளக்கவில்லை, கேட்டவரும் அளக்கவில்லை.

இறங்கி வந்து, "இது உங்க ஷெட்டுக்கு ஆகாதும்மா, வாங்காதீங்க" என்றேன். அவர் ஏணிப் பக்கம் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அப்ப எதுங்க ஆகும்?" என்று கேட்டார். அத்தனை மாதத்தில் அவர் மெஷினைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான். நூல் கோன்கள் பக்கத்தில் தனி ஸ்டாண்டில் நிற்கும் சின்ன மாடலைப் பற்றிச் சொன்னேன். ஆடி பிறக்கும் முன்பே ஆர்டர் வந்தது. "மறுபடியும் பூக் கேக்க வேண்டாமாம்மா?" என்றதற்கு, "ஒருக்காக் கேட்டதே போதுமுங்க" என்று சொல்லிவிட்டார்.

இன்றைக்கு நான் மேனேஜர். புதிதாக வரும் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, எந்த ஷெட்டுக்குள் நுழைந்தாலும் சிவப்புப் பூ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்வேன். போன வருஷம் முதலாளியம்மாவின் புது ஷெட் திறப்பு விழாவிலும், அவர் பக்கத்தில் உட்கார்ந்தே பெருமையாகச் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தானுங்க வெச்சிருந்தேன். நடையா நடந்து வார புள்ளைகிட்ட வேண்டாமுன்னு சொல்ல எனக்கு வாய் வருலீங்க. சாமி சொன்னாப்புல இருக்கட்டுமுன்னு நெனச்சேன். எங்கூர்க்காரனா இருந்தா அதோட புரிஞ்சுக்கிட்டுப் போயிருப்பான். நீங்க டேப்பைத் தூக்கீட்டு வந்து நிக்கறீங்க!"

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து பூவை எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் சாமியின் வாக்கு என்று நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தது, என் முகம் வாடிவிடக் கூடாதே என்று அந்த அம்மா இலையில் மடித்துக் கொடுத்த ஒரு "வேண்டாமுங்க". அன்றைக்கே அது எனக்குப் புரிந்திருந்தால், நான் ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன்.